தொடர் இணைப்பும் பக்க இணைப்பும்: மின்விளக்கு வீட்டுக்குள் வந்த வரலாறு

தொடர் இணைப்பு, பக்க இணைப்பு ஆகிய இரண்டும் மின்சுற்றில் கருவிகளை இணைக்கும் அடிப்படை முறைகள் ஆகும். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளை இணைப்பது தொடர் இணைப்பு. இரண்டு பொதுக் கம்பிகளுக்கு இடையே ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை அமைத்து இணைப்பது பக்க இணைப்பு. வீடுகளில் பயன்படுவது பக்க இணைப்பே என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. இன்று இது யாரும் ஐயப்படாத செய்தி. ஆனால் 1870களின் இறுதியில், மின்னியலில் தேர்ந்த அறிஞர்கள் பலர், பல நூறு வீடுகளுக்கு மின்னொளியைப் பங்கிட்டு வழங்குவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கருதினர். அதற்கான கணக்கும் அவர்கள் கையில் இருந்தது. கூட்டலிலும் பெருக்கலிலும் அவர்கள் தவறவில்லை. கணக்குக்கு அடியில் இருந்த எடுகோள்களே அவர்களைத் தடுத்தன. அந்த எடுகோள்கள் எவை, அவை எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு இணைப்புகளின் இயல்பு

தொடர் இணைப்பில் மின்னோட்டம் செல்ல ஒரே வழிதான் உண்டு. எனவே எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய்கிறது. மின்னழுத்தம் கருவிகளுக்கிடையே பங்கிடப்படுகிறது. மொத்தத் தடை என்பது தனித்தனித் தடைகளின் கூடுதல் ஆகும்.

பக்க இணைப்பில் இது தலைகீழாக அமைகிறது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைக்கிறது, மின்னோட்டம் பங்கிடப்படுகிறது. புதிய பாதை ஒன்று சேரும்போதெல்லாம் மொத்தத் தடை குறைகிறது.

எடுத்துக்காட்டாக, 100 ஓம் தடையுள்ள இரண்டு விளக்குகளையும் 100 வோல்ட் மின்மூலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். விளக்கின் தடை மாறாது என்றும், மின்மூலத்துக்கு உள்தடை இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். தொடராக இணைத்தால் மொத்தத் தடை 200 ஓம். மின்னோட்டம் அரை ஆம்பியர். ஒவ்வொரு விளக்குக்கும் 50 வோல்ட், 25 வாட் மட்டுமே கிடைக்கும். பக்கமாக இணைத்தால் மொத்தத் தடை 50 ஓம். ஒவ்வொரு விளக்கிலும் ஓர் ஆம்பியர் பாயும். ஒவ்வொன்றும் 100 வாட் பெறும். ஒரு விளக்கைக் கழற்றினால் முதல் அமைப்பில் இரண்டும் அணையும். இரண்டாம் அமைப்பில் மற்றது முன்போலவே எரியும்.

ஓம், கிர்க்காஃப்

இந்த விதிகளுக்கு அடித்தளம் இட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் (1789–1854). இவர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அக்கால மின்கல அடுக்குகள் சீரான மின்னோட்டம் தரவில்லை. சற்று நேரத்திலேயே வலுவிழந்தன. எனவே ஓம் வெப்ப மின்னிரட்டை ஒன்றைப் பயன்படுத்தினார். பிஸ்மத், செம்பு ஆகிய உலோகங்களின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சுற்றில் சேர்த்து, காந்த ஊசியின் விலக்கத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். 1827ஆம் ஆண்டு தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அந்நூலுக்கு உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பதவியை எதிர்பார்த்திருந்த ஓம், கொலோன் வேலையையும் விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் சிறு பணிகளில் காலம் தள்ளினார். 1841ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் வழங்கிய பிறகே அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது. கிளைகள் பலவுள்ள சுற்றுகளுக்கான பொது விதிகளை 1845ஆம் ஆண்டு குஸ்டாவ் கிர்க்காஃப் வகுத்தார். அப்போது அவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழக மாணவர். ஆக, தொடர், பக்க இணைப்புகளைக் கணக்கிடத் தேவையான அனைத்தும் 1845க்குள் அறியப்பட்டுவிட்டன. ஆயினும் வீட்டு மின்விளக்கு வருவதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

வில்விளக்குகளும் தொடர் இணைப்பும்

முதலில் பயன்பாட்டுக்கு வந்த மின்விளக்கு வில்விளக்கு ஆகும். இரண்டு கார்பன் தண்டுகளின் முனைகளைத் தொடச்செய்து சிறிது விலக்கினால், இடைவெளியில் கண்ணைக் கூசச் செய்யும் ஒளி உண்டாகிறது. டைனமோ வளர்ச்சி பெற்றதும் இவ்விளக்குகள் தெருக்களுக்கு வந்தன. ரஷ்யரான பாவெல் யாப்லொச்கோவ் 1876இல் உருவாக்கிய கார்பன் மெழுகுவத்திகள் 1878இல் பாரிஸின் ஓபரா நிழற்சாலையில் ஒளிவீசின. அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் 1879 ஏப்ரல் 29 அன்று கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் 12 வில்விளக்குகளை எரியவிட்டார். 1880 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே சாலையிலும் அவருடைய விளக்குகள் ஏற்றப்பட்டன.

வில்விளக்குகளைப் பக்கமாக இணைப்பது கடினம். அதற்குக் காரணம் வில்லின் இயல்பு. சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் கூடினால் மின்னழுத்தமும் கூட வேண்டும். மின்வில்லில் மின்னோட்டம் கூடும்போது அதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறைகிறது. எனவே இரண்டு வில்விளக்குகளை நேராகப் பக்கமாக இணைத்தால், சிறிது கூடுதலாகப் பெறும் ஒன்று மேலும் மேலும் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், மற்றது அணைந்துவிடும். தொடர் இணைப்பில் இந்தப் போட்டிக்கே இடமில்லை. ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் எல்லா விளக்குகளிலும் ஒரே அளவாகச் செல்லும். மின்னோட்டம் மாறாதபடி டைனமோவைக் கட்டுப்படுத்தினால் போதும். மெல்லிய கம்பி ஒன்றே பல தெருக்களைச் சுற்றி வரலாம்.

ஆனால் மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, ஒரு விளக்கு அணைந்தால் வரிசை முழுவதும் அணையும். இதற்காக பிரஷ் ஒவ்வொரு விளக்கிலும் தானியங்கி மாற்றுப்பாதை அமைத்தார். விளக்கு பழுதானால் மின்னோட்டம் அதைச் சுற்றிச் சென்றுவிடும். இரண்டாவது, விளக்கு ஒன்றுக்கு 50 வோல்ட் என்றால் 40 விளக்குகளுக்கு 2,000 வோல்ட் தேவை. தெருக் கம்பத்தில் செல்லும் அத்தகைய கம்பியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. மூன்றாவது, வில்விளக்கின் ஒளி நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகளுக்குச் சமம். சதுக்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் அது பொருந்தும். ஒருவர் அமர்ந்து படிக்கும் அறைக்குப் பொருந்தாது.

ஒளியைப் பங்கிடும் சிக்கல்

வீட்டுக்குள் அப்போது எரிந்தது எரிவாயு விளக்கு. அது புகையும் வெப்பமும் தந்தது. அறையின் காற்றைக் கெடுத்தது. தீ விபத்து அச்சமும் இருந்தது. ஆனாலும் அதற்கு ஒரு சிறப்பு இருந்தது. ஒவ்வொருவரும் தம் அறை விளக்கைத் தாம் விரும்பிய நேரத்தில் ஏற்றலாம், அணைக்கலாம். அடுத்த வீட்டாருக்கு அதனால் பாதிப்பில்லை. வில்விளக்கின் பேரொளியைச் சிறு விளக்குகளாகப் பகிர்ந்து இதே வசதியை மின்சாரத்தால் தர முடியுமா என்பதே அக்காலத்தில் ஒளியைப் பங்கிடும் சிக்கல் எனப்பட்டது.

1878 செப்டம்பர் 8 அன்று தாமஸ் ஆல்வா எடிசன் கனெக்டிகட் மாநிலத்தின் அன்சோனியாவில் வில்லியம் வாலஸ் என்பவரின் பட்டறைக்குச் சென்று வில்விளக்குகளைக் கண்டார். சில நாட்களுக்குள்ளேயே இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டுவிட்டதாகச் செய்தியாளர்களிடம் அறிவித்தார். உண்மையில் அவரிடம் அப்போது நீடித்து எரியும் விளக்கு இல்லை. ஆயினும் லண்டனில் எரிவாயு நிறுவனங்களின் பங்கு விலைகள் சரிந்தன. பிரித்தானிய நாடாளுமன்றம் மின்விளக்கு குறித்து ஆராய 1879இல் ஒரு குழுவை அமைத்தது. பிரித்தானிய அஞ்சல் துறையின் மின்னியலாளரான வில்லியம் பிரீஸ், ஒளியைப் பங்கிடும் முயற்சியைச் சதுப்பு நிலத்தில் மின்னி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசோடு ஒப்பிட்டார். துரத்துகிறவர்கள் ஏமாறுவார்கள் என்பது அவர் கருத்து.

பிரீஸ் அறியாமையால் அவ்வாறு கூறவில்லை. ஓம் விதியைக் கொண்டே கணக்கிட்டிருந்தார். அத்தகைய கணக்குகளின் அடியில் இரு எடுகோள்கள் இருந்தன.

முதல் எடுகோள் மின்மூலத்தைப் பற்றியது. மின்கலத்துக்கும் டைனமோவுக்கும் உள்தடை உண்டு. வெளித்தடை உள்தடைக்குச் சமமாக இருக்கும்போதுதான் வெளிச்சுற்றுக்கு அதிகபட்ச மின்திறன் கிடைக்கும். இது சரியான விதியே. ஆனால் அந்நிலையில் உண்டாகும் ஆற்றலில் பாதி மின்மூலத்தின் உள்ளேயே வெப்பமாக வீணாகிறது. அதிகபட்ச மின்திறனையும் சிறந்த பயனுறுதிறனையும் ஒன்றெனக் கருதிப் பலர் டைனமோக்களை இந்த விதிப்படி அமைத்தனர். அத்தகைய டைனமோவில் விளக்குகளைப் பக்கமாகச் சேர்க்கச் சேர்க்க வெளித்தடை குறைந்து, ஆற்றலின் பெரும்பகுதி உள்ளேயே செலவாகும். விளக்குகள் எல்லாம் மங்கும். ஒளியைப் பங்கிட்டால் ஒளியே குறைந்துபோகும் என்ற முடிவு இங்கிருந்து வந்தது.

இரண்டாம் எடுகோள் விளக்கைப் பற்றியது. அதுவரை செய்யப்பட்ட இழை விளக்குகளில் பெரும்பாலானவை தடித்த கார்பன் தண்டையோ உலோகத்தையோ கொண்டவை. தடை சில ஓம்களுக்கு மேல் இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் சுவான் தொடக்கத்தில் செய்த விளக்குகளும் குறைந்த தடை கொண்டவையே. விளக்கு என்றால் குறைந்த தடைதான் என்று வைத்துக்கொண்டால், பக்க இணைப்புக்கு வேண்டிய செம்பின் விலை கட்டுப்படியாகாது.

தடை கூடினால் செம்பு குறையும்

எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்தில் 1878 இறுதியில் பிரான்சிஸ் அப்டன் என்ற இளம் கணிதவியலாளர் சேர்ந்தார். எரிவாயுவின் விலை, செம்பின் விலை, கம்பியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வகத்தில் கணக்குகள் போடப்பட்டன. அக்கணக்கின் சாரத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

100 வாட் விளக்கை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, 1 ஓம் தடையுடையது. 10 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். மற்றொன்று, 100 ஓம் தடையுடையது. 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மின்திறனைப் பயன்படுத்துகின்றன. இத்தகைய 1,000 விளக்குகளைப் பக்கமாக இணைத்தால் முதல் வகைக்கு 10,000 ஆம்பியர் தேவை. இரண்டாம் வகைக்கு 1,000 ஆம்பியர் போதும்.

கம்பியில் வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். இழப்பு 10 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், முதல் வகைக்குக் கம்பியின் தடை ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு நூறில் ஒரு பங்கு இருந்தால் போதும். அதாவது, அதே தொலைவுக்கு நூறில் ஒரு பங்கு செம்பே தேவை. விளக்கின் தடையைக் கூட்டுவது, வெளியே தெருவில் புதைக்க வேண்டிய செம்பைக் குறைக்கிறது. வீட்டு மின்விளக்கின் பொருளாதாரம் இந்த ஒரு தொடர்பில் அடங்கியிருந்தது.

உள்தடைச் சிக்கலுக்கும் இதே முறையில் தீர்வு கிடைத்தது. 100 ஓம் விளக்குகள் 1,000 பக்கமாக இணைந்தால் வெளித்தடை 0.1 ஓம் ஆகும். டைனமோவின் உள்தடையை இதைவிட மிகக் குறைவாக அமைத்தால் ஆற்றலின் பெரும்பகுதி விளக்குகளுக்கே சேரும். விளக்குகளின் எண்ணிக்கை மாறினாலும் மின்னழுத்தம் பெரிதும் மாறாது. 1879இல் மென்லோ பார்க்கில் உருவான டைனமோ இக்கருத்துப்படி குறைந்த உள்தடையுடன் செய்யப்பட்டது.

இன்று இவை பள்ளி மாணவர் போடக்கூடிய கணக்குகள். ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வகத்தில் ஓராண்டு பயின்றிருந்தும் இந்த எளிய உண்மைகள் அந்நாளில் தமக்கு ஏன் தெளிவாகப் புலப்படவில்லை என்று அப்டனே பிற்காலத்தில் வியந்திருக்கிறார்.

மீதமிருந்தது அத்தகைய விளக்கைச் செய்வது. தடை கூட வேண்டுமானால் இழை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய இழை காற்றில் எரிந்துபோகும். பாதரச எக்கிகளால் கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை வெளியேற்றும் முறை அப்போது மேம்பட்டிருந்தது. 1879 அக்டோபரில் கார்பனாக்கப்பட்ட பருத்தி நூல் இழை ஒன்று 13 மணி நேரத்துக்கும் மேலாக எரிந்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் மென்லோ பார்க்கில் பொதுமக்கள் முன் விளக்குகள் காட்டப்பட்டன. பின்னர் மூங்கில் இழை பயன்பட்டது. 1881இல் பாரிஸில் நடந்த மின்னியல் கண்காட்சியில் எடிசனின் அமைப்பைக் கண்ட பிரீஸ், சிக்கல் தீர்க்கப்பட்டுவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றது.

பேர்ல் தெரு நிலையம்

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலில் ஏறத்தாழ 400 விளக்குகள் எரிந்தன. 110 வோல்ட் நேர்மின்னோட்டம் தெருவுக்கு அடியில் புதைத்த கம்பிகள் வழியே சென்றது. எல்லா விளக்குகளும் பக்கமாக இணைக்கப்பட்டிருந்தன.

பக்க இணைப்பு தனக்கே உரிய இடர்களையும் கொண்டுவந்தது. தொடர் சுற்றில் அஞ்ச வேண்டியது கம்பி அறுந்துபோவது. பக்க இணைப்பில் அஞ்ச வேண்டியது இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிடுவது. அப்போது தடை ஏறத்தாழ இல்லாமற்போய், மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். எனவே குறித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் சென்றால் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் மின்னுருகி தேவைப்பட்டது. நிலையத்துக்கு அருகிலுள்ள விளக்குகள் பிரகாசமாகவும் தொலைவிலுள்ளவை மங்கலாகவும் எரிவது மற்றொரு சிக்கல். இதற்காக 1880இல் ஊட்டுக்கம்பி முறை வகுக்கப்பட்டது. நிலையத்திலிருந்து செல்லும் ஊட்டுக்கம்பிகளில் விளக்கு எதுவும் இணைக்கப்படாது; அவை பகுதியின் பல இடங்களில் உள்ள பகிர்மானக் கம்பிகளுக்கு மட்டும் மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும். அழுத்த இழப்பின் பெரும்பகுதி ஊட்டுக்கம்பியிலேயே நிகழ்வதால் விளக்குகளுக்கிடையே வேறுபாடு சிறிதாகவே இருக்கும்.

செம்பைக் குறைக்கும் அடுத்த வழி, தொடர் இணைப்பையே மீண்டும் அழைத்தது. இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் அமெரிக்காவில் எடிசனும் உருவாக்கிய மூன்று கம்பி முறையில் 110 வோல்ட் டைனமோக்கள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டன. வெளிக்கம்பிகள் இரண்டுக்கும் இடையே 220 வோல்ட். நடுக்கம்பிக்கும் வெளிக்கம்பிக்கும் இடையே 110 வோல்ட். விளக்குகள் இரு தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் பக்கமாகவும், தொகுதிகள் தமக்குள் தொடராகவும் அமைந்தன. இரு தொகுதிகளின் சுமையும் சமமானால் நடுக்கம்பியில் மின்னோட்டமே இராது. மூன்று கம்பிகளையும் ஒரே பருமனாக அமைத்தாலும் முன்பு வேண்டிய செம்பில் 37.5 விழுக்காடு போதும். 1883 ஜூலை 4 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் சன்பரி நகரில் இம்முறை செயலுக்கு வந்தது.

இன்றும் வாழும் தொடர் இணைப்பு

பக்க இணைப்பு வீடுகளை வென்றபின்னும் தொடர் இணைப்பு மறையவில்லை. அமெரிக்க நகரங்களில் தெரு இழை விளக்குகள் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தொடர் சுற்றுகளில் எரிந்தன. ஒவ்வொரு விளக்குத் தாங்கியிலும் மெல்லிய மின்காப்புத் தகடு ஒன்று இருந்தது. இழை அறுந்ததும் சுற்றின் உயர்ந்த மின்னழுத்தம் முழுவதும் அந்த இடைவெளியில் விழும். தகடு துளைபட்டு மின்னோட்டத்துக்கு வழிவிடும்.

விமான ஓடுபாதை விளக்குகள் இன்றும் பெரும்பாலும் தொடர் சுற்றில்தான் எரிகின்றன. ஓடுபாதை பல கிலோமீட்டர் நீளமானது. தரையிறங்கும் விமானிக்கு எல்லா விளக்குகளும் ஒரே பிரகாசத்துடன் தெரிய வேண்டும். பக்க இணைப்பில் தொலைவிலுள்ள விளக்கு மங்கக்கூடும். தொடர் சுற்றில் எங்கும் மின்னோட்டம் ஒன்றே. மாறாத மின்னோட்டத்தைத் தரும் சீராக்கிகள் வழக்கமாக 6.6 ஆம்பியர் வரை வழங்குகின்றன. ஒவ்வொரு விளக்கும் தனி மின்மாற்றி வழியே இணைக்கப்படுவதால் ஒன்று பழுதானாலும் சுற்று அறுபடுவதில்லை.

திருவிழாப் பந்தலிலும் கல்யாண வீட்டிலும் கட்டப்படும் சீரியல் செட்டின் பெயரிலேயே தொடர் இணைப்பு இருக்கிறது. ஏறத்தாழ 6 வோல்ட் பல்புகள் 40 தொடராக இணைந்தால் அவை 230 வோல்ட் மின்சாரத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. பழைய சரங்களில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணைந்து, குறையுள்ள பல்பை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம்.

இரு முறைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும் தொடர் சுற்றில் ஒரு விளக்கை மட்டும் அணைக்க, அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட வேண்டும். மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும் பக்கச் சுற்றில் அதே செயல் மின்னுருகியைப் போக்கும். அங்கே விளக்கின் பாதையைத் திறந்துவிட வேண்டும். எனவே எது சிறந்த இணைப்பு என்ற கேள்விக்கு முன், அச்சுற்றில் எது மாறாமல் வைக்கப்படுகிறது என்று கேட்பது நல்லது. சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டும்போது தன் அறை விளக்கு மட்டும் அணைந்து அடுத்த அறை விளக்கு எரிந்துகொண்டிருப்பதை ஒரு மாணவர் பார்க்கிறார். அந்தச் சிறு வசதியே 1879இல் கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஒதுக்கப்பட்டது. ஓமின் விதி அன்றும் இன்றும் ஒன்றே. விளக்கின் தடையும் டைனமோவின் உள்தடையும் மாற்றத் தக்கவை என்று சிலர் எண்ணிப் பார்த்ததால், அதே விதி வேறு விடையைத் தந்தது.